அரக்குச் சேலை ஏன் நிறம் மாறுகிறது? ஒயிட் பேலன்ஸ் கேள்வி-பதில்

சுங்குடிச் சேலைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். ஒரே அரக்கு, ஒரு படத்தில் செங்கல், இன்னொன்றில் கத்தரிப்பூ. கேமராவில் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வசதி) ஆட்டோவில்தான் இருக்கிறது. (செல்லூர் வாசகி)

ஆட்டோவில் இருப்பதால்தான் இந்தத் தொல்லை. படம் முழுக்கச் சேலையே நிறைந்தால், அந்தச் சிவப்பு துணியுடையதா விளக்குடையதா என்று கேமராவுக்குத் தெரியாது. விளக்கு என்று நினைத்துக் குறைத்துவிடும். அடுத்த சேலைக்கு வேறு கணக்கு.

முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் எந்த செட்டிங்கும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாது. அப்புறம், சேலை விரிக்கிற இடத்திலேயே கிரே கார்டை (சாயல் இல்லாத சாம்பல் நிற அட்டை) வைத்து ஒரு படம் எடுத்து, மெனுவில் ‘கஸ்டம்’ ஒயிட் பேலன்ஸுக்கு அதைக் கொடுங்கள். ஜெராக்ஸ் தாள் போதாதா என்றால், அவசரத்துக்குப் போதும். ஆனால் தாள் பளிச்சென்று தெரியச் சேர்க்கும் பொருள் பகல் வெளிச்சத்தில் லேசாக நீலம் அடிக்கும். அதை அளவாக வைத்தால் படம் மஞ்சள் பக்கம் சாயும். பக்கத்தில் பச்சைச் சுவர் இருந்தால் அதன் சாயலும் துணியில் விழும். வெயில் ஏறினாலோ மேகம் மூடினாலோ கார்டை மறுபடி வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் வாங்குபவரின் போன் திரை வேறு நிறம் காட்டினால், அது உங்கள் குற்றமில்லை.

மண்டபத்தில் மஞ்சள் பல்புக்கு ஏற்ப 3200 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வைத்தேன். ஃபிளாஷ் அடித்தால் மாப்பிள்ளை முகம் நீலமாகிறது. (திருமங்கலம்)

ஃபிளாஷ் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், பகல் வெயில் மாதிரி. மஞ்சள் பல்புக்கு வைத்த கேமராவுக்கு அது நீலமாகத் தெரியும். ஃபிளாஷ் முகப்பில் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டுங்கள். இரண்டு வெளிச்சமும் ஒன்றாகிவிடும். ஒன்று கவனியுங்கள்: கேமராவில் கெல்வின் எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகும், இறக்கினால் நீலமாகும். பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அழகர் வைகையில் இறங்கும் அதிகாலைக்கு எந்த செட்டிங்? (மேலூர்)

‘டேலைட்’டில் பூட்டிவிடுங்கள். விடியும் வானம் கொஞ்சம் நீலமாக, தீவட்டி மஞ்சளாக வரும். வரட்டும், அந்த நேரம் அப்படித்தான் இருக்கும். ஆட்டோ என்றால் கூட்டமும் பட்டும் மாறி மாறிப் படத்தை நிறைக்கும்போது ஒவ்வொரு படமும் ஒரு நிறம். ‘ரா’வில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் பிறகு வீட்டில் உட்கார்ந்து மொத்தமாக மாற்றலாம். ஜேபெக்கில் (வழக்கமான, சுருக்கிய படக் கோப்பு) அப்படி மாற்ற அவ்வளவு இடம் கிடையாது.

தெருவில் பழைய மஞ்சள் சோடியம் விளக்கு. என்ன செய்தும் தோல் நிறம் வரவில்லை. (உசிலம்பட்டி)

வராது. அந்த வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. இல்லாததை எந்த செட்டிங்கும் கொண்டுவராது. கறுப்பு-வெள்ளையாக மாற்றிவிடுங்கள்.