கேம் நாயகிகள்: அன்றும் இன்றும்

கேள்வி: வீடியோ கேம்களில் பெண்கள் முதன்மைப் பாத்திரமாக வருவது அண்மைக்கால மாற்றம்தானா? அந்தச் சித்திரிப்பு மேம்பட்டிருக்கிறதா?

பதில்: அண்மைக்கால மாற்றம் அன்று. 1986இல் வெளிவந்த 'மெட்ராய்டு' விளையாட்டில் கவச உடைக்குள் இருந்து போரிட்ட சாமஸ் ஆரன் ஒரு பெண் என்பது, ஆட்டத்தை விரைவாக முடித்தவர்களுக்கு மட்டும் இறுதியில் தெரியவந்தது. ஆனால், எவ்வளவு விரைவாக முடிக்கிறோமோ அவ்வளவுக்கு அவருடைய உடை குறைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீராங்கனையையே பரிசுப்பொருளாக்கிய அந்தப் பார்வை நெடுங்காலம் நீடித்தது. 1996இல் 'டூம் ரெய்டர்' விளையாட்டுத் தொடரின் வழியாகப் புகழ்பெற்ற லாரா கிராஃப்ட், துணிவும் அறிவும் மிக்கவராகப் படைக்கப்பட்டிருந்தும், விளம்பரங்களில் பெரிதும் உடலழகுக்காகவே முன்னிறுத்தப்பட்டார். 2013இல் அத்தொடர் புதிதாகத் தொடங்கப்பட்டபோது, கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கி, காயத்தோடும் அச்சத்தோடும் உயிர்பிழைக்கப் போராடும் இளம்பெண்ணாக அவரைக் கண்டோம். அதன் முதன்மைக் கதாசிரியர் ரியானா பிராட்செட் ஒரு பெண் என்பது தற்செயலன்று என்றே கருதுகிறேன். 2017இல் வந்த 'ஹெல்பிளேட்' இன்னும் ஆழமானது: உளப்பிறழ்வு எனும் மனநலச் சிக்கலால் நாயகி செனுவாவின் காதில் ஓயாமல் ஒலிக்கும் குரல்கள், மனநல வல்லுநர்களையும் அத்தகைய அனுபவம் உள்ளவர்களையும் கலந்தே உருவாக்கப்பட்டன. மேம்பாடு என்று நான் மனமார ஏற்பது இத்தகைய உழைப்பைத்தான்; நாயகனின் உருவத்தை மட்டும் பெண்ணாக மாற்றிவைப்பதை அன்று.