ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பூர்வகுடி ஊர்களில் அரசு அதிகாரிகள்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் வடக்கில் உள்ள நார்தர்ன் டெரிட்டரி என்ற பகுதியில் அரசு சேவைகளை ஒருங்கிணைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். அந்த வேலை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருச்சி, சமூகப்பணி மாணவி: அக்கா, ‘கவர்ன்மென்ட் பிசினஸ் மேனேஜர்’ என்பவர் யார்? நம்ம ஊர் பி.டி.ஓ. மாதிரியா?

இல்லை. பி.டி.ஓ.வின் கையெழுத்துக்கு நிதி நகரும். அந்த மேனேஜரால் மற்ற துறைகளுக்கு உத்தரவு போட முடியவில்லை. கேட்டுப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

2007 ஜூன் 21 அன்று பிரதமர் ஜான் ஹோவர்டும் அமைச்சர் மால் பரோவும் நார்தர்ன் டெரிட்டரியில் ‘அவசர நடவடிக்கை’ அறிவித்தார்கள். குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாவது பற்றிய ஓர் அறிக்கைதான் அவர்கள் சொன்ன காரணம். 73 ஊர்கள் இதற்குள் வந்தன. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அதற்காக நிறுத்தி வைத்தார்கள். மக்களின் உதவித்தொகையில் பாதியைப் பிடித்து வைத்து, சாப்பாடு போன்ற அவசியச் செலவுக்கு மட்டும் விட்டார்கள். அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக, மத்திய அரசின் ஆளாக ஊரிலேயே தங்க அனுப்பப்பட்டவர்கள்தான் இந்த மேனேஜர்கள். ஊர்க்காரர்களைக் கேட்டு அனுப்பவில்லை. பிறகு வந்த சிக்கல்களில் பாதிக்கு அதுதான் வேர் என்பேன்.

சென்னை, பொறியாளர்: சில நூறு பேர் இருக்கும் ஊர். அங்கே ஒருங்கிணைக்க என்ன இருக்கிறது?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பாட்டி இருக்கிறார். பல ஊர்களில் மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டரில்தான் வருகிறது. காசு தீர்ந்தால் கரண்ட் நின்றுவிடும், ஃப்ரிட்ஜில் இருக்கும் மருந்தும் வீண். காசு ஏன் தீர்ந்தது? உதவித்தொகை அதைத் தரும் மத்திய அரசின் சென்டர்லிங்க் அலுவலகத்தில் சிக்கியிருக்கும். வீடு டெரிட்டரி அரசின் வீட்டுத் துறையுடையது. பழுது பார்ப்பவர் வெளியூர் காண்ட்ராக்டர். மழைக்காலத்தில் சாலை மூழ்கினால் அவரும் வரமாட்டார். கிளினிக் வேறு அமைப்பு. குப்பையும் இரவு ரோந்தும் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. பாட்டிக்கு இதெல்லாம் ஒரே ‘கவர்ன்மென்ட்’. இந்த அலுவலகங்களையெல்லாம் ஒரே நாளில் பேச வைப்பதுதான் வேலை.

வாடெய் என்ற ஊரில் இதைச் சரிசெய்ய 2002-இல் ஒரு சோதனைத் திட்டமே தொடங்கினார்கள். தனித்தனி நிதி ஒப்பந்தங்களைக் குறைப்பது ஒரு நோக்கம். சுமார் 60 இருந்தது, மதிப்பீடு செய்தபோது 90-ஐத் தாண்டியிருந்தது. ஊருக்குள் ஆட்களைப் போட்டு, தலைநகர் கான்பெராவில் கோப்புகளை அப்படியே விட்டால் இதுதான் நடக்கும்.

மதுரை, நர்ஸ்: மொழி தெரியாமல் எப்படி வேலை செய்தீர்கள், அக்கா?

தனியாகச் செய்யவில்லை, செய்யவும் முடியாது. யுவெண்டுமு ஊரில் வார்ல்பிரி மொழி, ஆர்னம் லேண்ட் பகுதியின் கிழக்கில் யோல்ஙு மொழிகள், வேறு பல ஊர்களில் ஆங்கிலம் கலந்து உருவான கிரியோல். 2009-இல் 29 ஊர்களைத் தேர்ந்தெடுத்துப் புதுத் திட்டம் வந்தபோது, மேனேஜருக்குத் துணையாக உள்ளூர்ப் பூர்வகுடி மக்களையே அலுவலர்களாக வைத்தார்கள். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு காலை, வீட்டுப் பழுது பற்றிய கூட்டத்துக்கு நாற்காலி போட்டு, டீக்கு வெந்நீரும் வைத்துவிட்டேன். உள்ளூர் அலுவலரான அம்மா வந்து பட்டியலைப் பார்த்தார். ஒரு பெயரின் மேல் விரலை வைத்து மூடி, “இதை வாசிக்காதீங்க. இன்னைக்குக் கூட்டமும் வேண்டாம்” என்றார். அந்தப் பெயருக்குரியவர் முந்தின இரவு இறந்திருந்தார். இறந்தவர் பெயரை உச்சரிப்பது அங்கே பெரும் அவமரியாதை. துக்கம் முடியும்வரை ஊர் வேலையும் நிற்கும். தலைமை அலுவலகத்தில் இதைத் ‘தாமதம்’ என்று பதிவார்கள். அந்த அம்மா மட்டும் இல்லையென்றால் அடுத்த பல மாதங்கள் அந்த ஊரில் யாரும் என்னிடம் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய சம்பளம் மேனேஜர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இது அநியாயம், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மெல்பர்ன் வாசகர்: நினைத்தால் காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?

பூர்வகுடி நிலத்துக்குள் போகப் பொதுவாக, அந்த நிலங்களைக் கவனிக்கும் நில மன்றத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1976-ஆம் ஆண்டு நிலவுரிமைச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கோவை, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: நன்றாக நடந்த ஒன்றாவது உண்டா, அம்மா?

உண்டு ஐயா. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால் கின்டோர் என்ற ஊர். சிறுநீரகம் கெட்டவர்கள் டயாலிசிஸுக்காக ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு நகரத்துக்குப் போய்த் தனியாக வாழ வேண்டியிருந்தது. அங்கேயே சிகிச்சை தர அரசிடம் வழியில்லை என்றார்கள். கின்டோர், கிவிர்குரா ஆகிய ஊர்களின் ஓவியர்கள் சேர்ந்து பெரிய ஓவியங்கள் வரைந்து 2000-இல் சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2004-இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. அரசுப் பணம் பெரிய அளவில் அதற்குப் பிறகுதான் வந்தது. அதை நடத்திய, ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் அமைப்பு இன்று இன்னும் பல ஊர்களில் டயாலிசிஸ் நடத்துகிறது. அதன் நிர்வாகக் குழுவில் பூர்வகுடி மக்களே இருக்கிறார்கள்.