கல்லூரி அணியை விட்டுப் போன வீரர் தோற்க வேண்டும் என்று ரசிகர்கள் விரும்பலாமா?

அமெரிக்கன் ஃபுட்பாலில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய வீரர் தோற்க வேண்டும் என்று பழைய ரசிகர்கள் விரும்புவது சரியா என்பது கேள்வி. அவர் நம் அணியை எதிர்த்து ஆடும் நாளில் அப்படி நினைப்பது இயல்பு. மற்ற நாள்களில் அது நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

அலபாமா பல்கலைக்கழக அணியில் பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜேலன் ஹர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் அலபாமா அணி இடைவேளைக்குப் பிறகு அவரை உட்கார வைத்துவிட்டு, டுவா டாகோவைலோவாவை இறக்கி வென்றது. அப்போதும் விலகாமல் காத்திருந்த ஹர்ட்ஸ், அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயத்தால் வெளியேறியபோது கடைசிக் கால்பகுதியில் களமிறங்கி, ஜார்ஜியாவிடம் 21-28 என்று பின்தங்கியிருந்த அணியை 35-28 என்று வெல்ல வைத்தார். கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டமும் பெற்ற பிறகே ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஓர் அலபாமா ரசிகருக்கு எப்படி மனம் வரும்?

ஓக்லஹோமாவை விட்டுப் போன இன்னொரு குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் விஷயத்தில் அந்த அணி ரசிகர்களின் வருத்தம் புரிகிறது. ஆனால் 2021 நவம்பரில் முதலில் தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியவர் அணியின் பயிற்சியாளர் லிங்கன் ரைலிதான். தன்னைச் சேர்த்துக்கொண்டவரைப் பின்தொடர்ந்து, விதிகள் அனுமதித்தபடி, இருபது வயது இளைஞர் அங்கே போனதைத் துரோகம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.