சூப்பரின்டென்டென்ட் தேர்வில் பெற்றோர் சொல்வதற்கு மதிப்பு உண்டா?

அமெரிக்காவில் உங்கள் பள்ளி மாவட்டத்துக்குப் புதிய சூப்பரின்டென்டென்ட்டை, அதாவது அதன் பள்ளிகள் அனைத்தையும் நிர்வகிக்கும் தலைமை அதிகாரியை, தேடுகிறார்கள் என்றும், பெற்றோருக்குக் கருத்துக்கணிப்புப் படிவம் வந்திருக்கிறது என்றும், அதை நிரப்புவதால் உண்மையிலேயே ஏதேனும் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு என்பதே என் பதில். ஆனால் அது இரண்டு கட்டங்களில்தான் உண்டு: எப்படிப்பட்டவர் வேண்டும் என்று பள்ளி வாரியம் எழுதி முடிப்பதற்கு முன்பு ஒரு முறை, இறுதிப் பெயர்கள் வெளிவந்து வாக்கெடுப்பு நடப்பதற்கு முன்பு மற்றொரு முறை.

நம் ஊரில் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரை அரசாணை மூலம் நியமிப்பார்கள். பெற்றோரை யாரும் கேட்பதில்லை. இங்கே பெரும்பாலான மாவட்டங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் சூப்பரின்டென்டென்ட்டை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்துகிறது. பல இடங்களில் வாரியம் முதலில் ஆள் தேடித் தரும் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து வேலையை ஒப்படைக்கும். அந்த நிறுவனம் கருத்துக்கணிப்பும் சிறு குழுக் கூட்டங்களும் நடத்தி, கிடைத்ததையெல்லாம் தொகுத்து, வரப்போகிறவருக்கு இருக்க வேண்டிய தகுதிகள் என்று சில பக்கங்களில் எழுதித் தரும். விண்ணப்பதாரர்களிடம் எதைக் கேட்பது, யாரை முதல் சுற்றிலேயே கழிப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கங்களை வைத்துத்தான் நடக்கும். ஆனால் வாக்கு வாரியத்தினருடையது மட்டுமே. உங்கள் கருத்து அவர்களைக் கட்டுப்படுத்தாது.

படிவத்தை நிரப்புகிறவர்களில் பலரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்பதுதான் சிக்கல். எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் நானும் கலந்துகொண்டேன். நன்றாகப் பேசிப் பழகத் தெரிந்தவர் வேண்டும், வெளிப்படையானவர் வேண்டும், குழந்தைகளை முன்னிறுத்துபவர் வேண்டும் என்று சுற்றிச் சுற்றி அதையே சொன்னோம். இதைக் கேட்டு எந்த விண்ணப்பதாரரையும் கழிக்க முடியாது, ஏனென்றால் தான் அப்படிப்பட்டவரில்லை என்று யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. சிறப்புக் கல்வி தேவைப்படும் மகனுக்கான ஆண்டுத் திட்டக் கூட்டம் தள்ளிக்கொண்டே போவதாகவும், அந்தப் பிரிவுக்கு ஆள் சேர்த்து நிலைநிறுத்திய அனுபவம் உள்ளவர் வேண்டும் என்றும் ஒரு தாய் சொன்னதைத்தான் கூட்டத்தை நடத்தியவர் குனிந்து எழுதிக்கொண்டார். பின்னர் வெளியான தொகுப்பில் அது தனி வரியாகவே இடம்பெற்றிருந்தது.

இரண்டாவது கட்டம் எவ்வளவு திறந்திருக்கும் என்பது நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் சட்டத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் விண்ணப்பதாரர்களின் பெயர்களை மறைத்து வைக்கலாம். ஆனால் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் பெயரை வாக்கெடுப்புக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன்பு அறிவிக்க வேண்டும். நடைமுறையில் பல வாரியங்கள் ஒரே ஒருவரை மட்டும் இறுதி வேட்பாளராக அறிவித்துவிட்டு 21 நாட்கள் காத்திருக்கின்றன. சட்டம் நிறைவேறிவிடுகிறது, ஆனால் மக்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. மாசசூசெட்ஸிலோ, முதல் சுற்று மூடிய அறையில் நடக்கலாம். இறுதி வேட்பாளர்களின் நேர்காணல் பொதுக் கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். 2022இல் பாஸ்டனில் மேரி ஸ்கிப்பர், டாமி வெல்ச் ஆகிய இருவரையும் அப்படித்தான் கேள்வி கேட்டார்கள். ஸ்கிப்பர் 4-3 என்ற வாக்குகளில் தேர்வானார். பெயர் வெளியே தெரிந்தால் இப்போதைய வேலைக்கு ஆபத்து என்று நல்லவர்கள் விண்ணப்பிக்கத் தயங்குவார்கள் என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இருந்தாலும் இருவரையாவது மக்கள் முன் நிறுத்துவதே சரி என்பது என் கருத்து.

அப்படி நினைக்க மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸில் நடந்ததும் ஒரு காரணம். 2015 டிசம்பரில் அங்குள்ள வாரியம் மாசசூசெட்ஸின் ஹோலியோக்கில் பணியாற்றிய ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த சில நாட்களிலேயே அவர் முன்பு பொறுப்பில் இருந்த மாவட்டத்தின் பள்ளி ஒன்றில் மாணவர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்துக் குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. 2016 ஜனவரியில் வாரியம் அவருடனான ஒப்பந்தப் பேச்சைக் கைவிட்டு, அப்போது இடைக்காலப் பொறுப்பில் இருந்தவரை நியமிக்க முனைந்தபோது, எதிர்ப்பாளர்கள் கூட்டத்தையே நடத்தவிடவில்லை. பிறகு அவரும் விலகிக்கொண்டார். மீண்டும் முதலிலிருந்து தேடி, மே மாதத்தில்தான் எட் கிராஃப் தேர்வானார். ஒருவரைத் தேர்ந்த மறு மாதமே அவருக்குப் பதில் இன்னொருவர் என்று மக்களைக் கேட்காமல் நகர முயன்றால் எதிர்ப்பு அந்தக் கூட்டத்திலேயே வெடிக்கும் என்பதை வாரியம் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

நம்மவர்களில் பலர் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பதால் வாரியத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோ போன்ற ஓரிரு ஊர்கள் குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் அந்த உரிமையைத் தந்திருக்கின்றன, அவை விதிவிலக்குகள். கருத்துக்கணிப்புக்கும் பொதுக் கூட்டத்தில் பேசுவதற்கும் குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. வாக்கு இல்லாதவர்களுக்கு இதைவிட நேரான வழி வேறில்லை என்பதால்தான் படிவத்தைத் தவிர்க்க வேண்டாம் என்கிறேன்.

நிரப்பும்போது குணநலன்களை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளையின் பள்ளியில் தீராமல் இருக்கும் ஒரு பிரச்சினையை எழுதி, அதை வேறெங்காவது தீர்த்துக் காட்டியவர் வேண்டும் என்று முடியுங்கள். தகுதிகளின் வரைவை வாரியம் எந்தக் கூட்டத்தில் ஏற்கப் போகிறது என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று போய், பொதுமக்கள் பேசுவதற்கான சில நிமிடங்களில் அதையே சொல்லுங்கள். இறுதிப் பெயர்கள் வந்தவுடன், அவர்கள் முன்பு பணியாற்றிய ஊரின் பெற்றோர் சிலரிடம் விசாரித்துவிட்டு, வாக்கெடுப்புக்கு முன்பே வாரிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள்.