தாத்தா விசிலடித்த படம், பேத்தி கேட்ட கேள்வி

கேள்வி: நாங்கள் ஆந்திர எல்லையில் நகரி பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. நாலு பவர்லூம் தறி ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்து ஒரு பழைய படம் பார்ப்போம். போன மாதம் மாமனார் ஆசைப்பட்டு ‘பட்டிக்காடா பட்டணமா’ போடச் சொன்னார். வாலிபத்தில் திருத்தணிக்கு சைக்கிள் மிதித்துப் போய் மூன்று தடவை பார்த்தாராம். கணவன் மனைவியை அடிக்கிற இடம் வந்ததும், காலேஜில் படிக்கும் என் மகள், “இதுக்கா தாத்தா விசிலடிச்சீங்க?” என்று கேட்டுவிட்டாள். அவர் பேசாமல் எழுந்து திண்ணைக்குப் போனார். அதற்கப்புறம் மூன்று ஞாயிறாக டிவி பக்கமே வரவில்லை. பழைய படமே இனி வேண்டாம் என்று விட்டுவிடுவதா, மகளை வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வதா?

– ஒரு வாசகி, நகரி

பதில்: மகளை வாயை மூடச் சொல்லாதீர்கள் சகோதரி. அவள் கேட்டது நியாயமான கேள்வி. 1972-ல் வந்த அந்தப் படத்தில், பட்டணத்துத் திமிரோடு வரும் மனைவியைக் கிராமத்துக் கணவன் அடக்கித் திருத்துவதுதான் கதையே. அந்த அடியை மட்டும் ஓட்டிவிட்டு மீதியைப் பார்க்கலாம் என்றால் மீதி நிற்காது.

ஆனால் உங்கள் மாமனார் காதில் விழுந்தது வேறு கேள்வி. அவர் சைக்கிள் மிதித்தது அந்த அடியைப் பார்க்கவா? சிவாஜியின் நடைக்கும் மிடுக்குக்கும், ‘என்னடி ராக்கம்மா’வுக்கு எம்.எஸ்.வி. போட்ட தாளத்துக்கும், கூட வந்த சிநேகிதர்களோடு இருட்டில் பாடிக்கொண்டே திரும்பி வந்த ரோட்டுக்கும்தான் அந்த விசில். அதில் எத்தனை பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்களோ! பேத்தி கேட்டது படத்தைப் பற்றி. அவருக்குப் பட்டது, தன் இருபது வயதையே ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டாள் என்று. திண்ணைக்குப் போனதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருக்கும்.

“அந்தக் காலம் அப்படி, எல்லாரும் கைதட்டினாங்க” என்று நானும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருடத்துச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதே இதற்குத்தான் கிடைத்தது, அப்புறம் ஒரு தனி ஆளை என்ன குறை சொல்வது என்பது என் வாதம். இரண்டு வருடத்துக்கு முன் பாட்டுக்காக இதே படத்தை அம்மாவுக்குப் போட்டேன். அந்தக் காட்சி வந்தபோது அம்மா திரையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஒற்றை வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். “அன்னைக்கும் இந்த எடத்துல குனிஞ்சு உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மடியில தூங்கிட்டு இருந்தே” என்றார். எல்லாரும் கைதட்டினார்களே என்றேன். “ஆம்பளைங்க பக்கம் தட்டினாங்க. பொம்பளைங்க பக்கம் யார் தட்டினா? நீ பாத்தியா?” அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸில், அதாவது ஊர் ஊராகப் போகும் கூடாரக் கொட்டகையில், நடுவே தடுப்புக் கட்டி இரண்டு பக்கமாக உட்கார வைப்பார்கள். ஐம்பது வருடமாக நான் கேட்டதெல்லாம் தடுப்புக்கு ஒரு பக்கத்துச் சத்தம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் கடிதத்தில் மாமியாரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் இருக்கிறார் என்றால், அந்தக் காட்சி ஓடியபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பேத்தியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவராக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

பழைய படம் என்றால் எல்லாமே இப்படித்தான் என்று மகளும் முடிவு கட்ட வேண்டாம். ஆறே வருடம் கழித்து, 1978-ல், ‘அவள் அப்படித்தான்’ வந்தது. அதில் ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சுவை யாராலும் அடக்கித் திருத்த முடியவில்லை. அந்தக் காலத்துக்குள்ளேயே வேறு குரலும் இருந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தாத்தாவுக்கும்தான்.

இன்னொன்று. டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர்தான் இருக்கும். ரீல் மாற்ற மூன்று, நான்கு இடைவேளை விடுவார்கள். முறுக்கு தின்றுகொண்டே, பார்த்த வரைக்கும் ஜனங்கள் அலசித் தீர்த்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் அந்த இடைவேளை இல்லாததால்தான் மகளின் கேள்வி காட்சியின் நடுவில் வந்து விழுந்தது. அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி டீ போடுங்கள். பேச வேண்டியதை அப்போது பேசட்டும். “நீங்க எந்தப் பக்கம் உக்காந்தீங்க, டிக்கெட் எவ்வளவு தாத்தா?” என்று மகளையே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்த அடியைப் பற்றி அவள் நினைப்பதை மாற்றிக்கொள்ள வேண்டாம், மன்னிப்பும் தேவையில்லை. விசில் எங்கே அடித்தார் என்பதை அவர் வாயால் கேட்டால் போதும்.

வருகிற ஞாயிறு ‘மாயாபஜார்’ போடுங்கள். 1957-ல் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த படம், உங்கள் வீட்டுக்கென்றே அமைந்தது. கடோத்கஜன் மணப்பெண்ணாக உருமாறியதும், புடவையும் நகையுமாக நிற்கிற சாவித்திரி, கடோத்கஜனாக வரும் ரங்காராவ் மாதிரி தோளை நிமிர்த்தி, கண்ணை உருட்டி நடப்பார். அடுத்த நொடி யாரோ வருவது தெரிந்து குழைந்து நாணுவார். ஒரே முகத்தில் ராட்சசனும் பெண்ணும் மாறி மாறி வந்து போவதை மகள் கொஞ்சம் கிட்ட உட்கார்ந்து பார்க்கட்டும். எந்தக் கணினி வேலையும் அதன் பக்கத்தில் நிற்காது என்பது என் முடிவான கட்சி.

அபிமன்யுவாகத் தமிழில் ஜெமினி, தெலுங்கில் நாகேஸ்வர ராவ். சிரிப்புக்குத் தமிழில் தங்கவேலு, தெலுங்கில் ரேலங்கி. எதைப் போடுவது என்று உங்கள் வீட்டில் கட்டாயம் தகராறு வரும். மகளை விட்டுத் திண்ணைக்குப் போய் தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.