மணலை விட்டு வெளியே வராத தோட்ட விலாங்கு: மருந்து ஊற்றலாமா?

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டடி உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், இரண்டு அங்குல மணல். இணையத்தில் ஒருவரிடம் மூன்று தோட்ட விலாங்குகள் வாங்கினேன். ஐந்து நாளாக மணலுக்குள்ளேயே இருக்கின்றன, குருணைத் தீனியைத் தொடவில்லை. விற்றவர் மருந்து ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். அந்த மருந்தையும் அவரேதான் விற்கிறார், இல்லையா? இந்த விலாங்குக்குச் செதில் கிடையாது. செம்பு கலந்த மருந்தெல்லாம் அதற்கு ஆபத்து. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயில்லை, பயமும் பசியும்தான்.

கடலில் இவை கூட்டமாக, ஒவ்வொன்றும் தனிக்குழியில் வாழும். உடம்பை மேலே நீட்டி, நீரோட்டம் கொண்டுவரும் மிகச் சிறிய மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்னும். இரையைத் தேடிப் போகிற வழக்கமே இல்லை. அடியில் விழுந்த குருணையைச் சீண்டாது. ஆர்டீமியாக் குஞ்சு, கோப்பிபாட் போன்ற பொடி இறால் மாதிரியான உயிர்த்தீனியை மெல்லிய ஓட்டத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை விடுங்கள். தொட்டிப் பக்கம் நடமாட்டத்தைக் குறையுங்கள். ஆனால் ஒரேயடியாக மறைத்தும் வைக்க வேண்டாம். 2020இல் தோக்கியோவின் சுமிதா மீன்காட்சியகம் மூடிக் கிடந்தபோது, ஆள் பழக்கம் விட்டுப்போன விலாங்குகள் ஒளிய ஆரம்பித்தன. காணொளி அழைப்பில் முகம் காட்டும்படி மக்களைக் கேட்டார்கள்!

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மணலுக்குள் இருந்தால் காத்திருக்கலாம். மணல்மேல் கிடந்தால் காத்திருக்கக் கூடாது. இது வாலால்தான் குழி தோண்டும், வால்பக்கம் சுரக்கும் பசையால்தான் குழிச்சுவர் இடியாமல் நிற்கும். பிடிக்கும்போதோ பையில் அடைக்கும்போதோ வால் நுனி அடிபட்டிருந்தால் தோண்ட முடியாது. மேலேயே கிடப்பதை 'பழகிவிட்டது' என்பார்கள், நம்பாதீர்கள். வாலைப் பாருங்கள். காயம் இருந்தால் அன்றே மீன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது மணல். இரண்டு அங்குலம் போதவே போதாது, குறைந்தது 20 சென்டிமீட்டர் நுண்மணல் வேண்டும். பெரிய தொட்டியாக மூன்றடிக்கு ஒன்றரையடியில் வைத்தால் அந்த மணல் மட்டுமே 130 கிலோவை நெருங்கும், தண்ணீர் தனி. வீவக தரை தாங்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ, இந்தத் தொட்டி நிற்பதோ அரைச் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். இதை விற்றவர் சொன்னாரா? நாய்க்கு உரிமம் கேட்கிற ஊர் இது. 40 சென்டிமீட்டர் வரை வளரும் மீனை இரண்டடித் தொட்டிக்காரரிடம் தள்ளிவிடுகிறவரை மட்டும் ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. 'தொட்டியிலேயே பிறந்தது' என்றும் சொல்லியிருப்பார். சந்தைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவைதான்.

பெரிய தொட்டி முடியாதென்றால் உப்புநீர் மீன் விற்கும் நல்ல கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். அதுவரை தொட்டிக்கு மூடி போட்டு வையுங்கள், இவை துள்ளி வெளியே விழும்.