ஐந்தாவது காலடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளாக அமெரிக்கக் கால்பந்து பார்த்துவருகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் மேதை, மேதை என்கிறார்கள். எனக்கு மிகையாகத் தோன்றுகிறது. வீசுவதற்கு ஜோ மான்டானாவும் பிடிப்பதற்கு ஜெர்ரி ரைஸும் கையில் இருந்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள்? பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவது ஒரு கண்டுபிடிப்பா? ஆட்டத்தின் முதல் 25 நகர்வுகளை முன்னாலேயே எழுதிவிடுவாராம். எதிரணி என்ன செய்யும் என்று தெரியாமல் அது எப்படி முடியும்?

க.

அன்புள்ள க.,

மான்டானாவை முதலில் முடித்துவிடுவோம். 1979 டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) அவரை எல்லா அணிகளும் தாண்டிப் போயின. வால்ஷின் சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தபோது அது மூன்றாவது சுற்று, 82ஆவது இடம். அந்த ஆண்டு குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசுபவராக, ஆடியவர் ஸ்டீவ் டிபர்க். 578 பாஸ் வீசி 347ஐ ஆளிடம் சேர்த்தார். இரண்டுமே அன்றைய லீக் சாதனை. அணியோ 2 வெற்றி, 14 தோல்வி. அதாவது மான்டானா அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே பாஸ் முறை வேலை செய்துகொண்டிருந்தது, ஒழுகியது தடுப்பு. 1981 டிராஃப்டில் ரானி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன் என்று பின்வரிசைத் தடுப்புக்கு மூன்று பேரை எடுத்து, மூவரையும் முதல் ஆண்டிலேயே களமிறக்கினார் வால்ஷ். அந்த ஆண்டு 13-3, லீக்கின் கோப்பையான சூப்பர் பவுலும் வந்தது. ரைஸ் வந்தது 1985இல். அதற்குள் வால்ஷிடம் இரண்டு கோப்பைகள் இருந்தன.

வால்ஷின் இந்தக் குறும்பாஸ் முறைக்குப் பெயர்தான் வெஸ்ட் கோஸ்ட், அதாவது மேற்குக் கரை. விதை விழுந்தது ஒஹையோவில். 1968இல் தொடங்கிய சின்சினாட்டி பெங்கால்ஸில் பால் பிரவுனுக்குக் கீழே வால்ஷ் உதவிப் பயிற்சியாளர். 1969இல் கிரெக் குக் என்ற இளைஞர் வந்தார். நெடுந்தூரம் வீசும் கை. அதே ஆண்டு தோள் போயிற்று, அதோடு ஆட்டவாழ்வும் போயிற்று. அடுத்து வந்த வர்ஜில் கார்ட்டருக்குத் தூரம் போகாது. ஆனால் குறி தவறாது, மூளை வேகம். நான்கு முயற்சிக்குள் (டவுன்) 10 யார்டு நகரவேண்டும், இவரை வைத்து எப்படி? ஆடுகளம் 100 யார்டு நீளம், 53 யார்டுக்குச் சற்றுக் கூடுதலாக அகலம். நீளத்துக்குக் கை இல்லாதபோது அகலத்தை எடுத்துக்கொண்டார் வால்ஷ். 1971இல் பாஸ் சேர்த்த விகிதத்தில் லீக்கிலேயே கார்ட்டர்தான் முதல்.

“பக்கத்தில் நிற்பவனுக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே யாரும் நிற்பதில்லை. ஸ்னாப் (நடுவில் இருப்பவர் பின்னால் தரும் பந்து) வாங்கியதும் குவாட்டர்பேக் மூன்று காலடியோ ஐந்து காலடியோ பின்வாங்குகிறார். ஸ்லான்ட் என்ற ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவர், அதாவது பந்தைப் பிடிக்க ஓடுபவர், மூன்று காலடி நேரே ஓடி உள்பக்கம் சாய்வாக வெட்டுகிறார். குவாட்டர்பேக்கின் பின்னங்கால் மூன்றாவது காலடியில் ஊன்றியதுமே பந்து கிளம்பிவிடவேண்டும். ஐந்து காலடிப் பாஸில் ரிசீவர் இன்னும் ஆழம் போவார், கணக்கு அதேதான். ஐந்தாவது காலடி ஊன்றியதும் முதல் ஆளுக்கு வீசவேண்டும். அவர் அடைபட்டிருந்தால் ஒரு சிறு துள்ளல், இரண்டாவது ஆள். இன்னொரு துள்ளல், மூன்றாவது ஆள். யாருமே இல்லையென்றால் அருகே வரும் ரன்னிங் பேக்குக்கு (வழக்கமாகப் பந்தைச் சுமந்து ஓடுபவர்). எங்கே பார்ப்பது என்பதைக் கால்தான் கண்ணுக்குச் சொல்கிறது.

கெடுவதும் இதே இடத்தில்தான். ரிசீவர் கூர்மையாக வெட்டாமல் வளைந்து திரும்பினால் பந்து அவருக்கு முன் தடுப்பாளரிடம் போய்ச் சேர்ந்துவிடும். பந்து ஒரு முழம் பின்னால் விழுந்தால் ரிசீவர் வேகத்தை நிறுத்தித் திரும்பவேண்டும். பிடித்தாலும் அங்கேயே விழுவார். 5 யார்டு பாஸ் 20 யார்டாவது பிடித்தபின் ஓடும் ஓட்டத்தில்தான், அதனால் மார்புக்குச் சற்று முன்னால் வீசச்சொல்லி நச்சரிப்பார் வால்ஷ். தாழ்வாகப் போகும் பாஸை எதிரணியின் உயரமான முன்வரிசைக்காரர்கள் கையை உயர்த்தித் தட்டிவிடுவார்கள். எனவே தன் வரிசையை அவர்களுடைய தொடைக்குக் கீழே பாயவைத்தார், கை தானாகக் கீழே வரும். இன்னொன்றையும் சொல்லவேண்டும், காலமும் அவருக்கு உதவியது. 1978 விதிமாற்றத்துக்குப் பிறகு 5 யார்டு தாண்டிய ரிசீவரைத் தடுப்பாளர் இடித்துக்கொண்டிருக்க முடியாது. இடித்தால் கணக்கு குலையும் என்பது சொல்லவேண்டியதில்லை.

1982 ஜனவரி 10இல் டாலஸுக்கு எதிராக ரிசீவர் டுவைட் கிளார்க் பிடித்த பிரபலமான பந்தை அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. அந்த நகர்வு முதலில் ஃப்ரெடி சாலமனுக்கானது. அவர் வழுக்கிவிட்டார். கிளார்க் இரண்டாவது ஆள். பின்கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அங்கேதான் ஓடவேண்டும். பந்து உயரமாகப் போனதும் பயிற்சிப்படிதான்: பிடித்தால் அவர், இல்லாவிட்டால் யாரும் இல்லை.

அதற்கு முந்தைய வாரம் நடந்தது எனக்கு இதைவிட ருசியானது. நியூயார்க் ஜயன்ட்ஸில் லாரன்ஸ் டெய்லர் அந்த ஆண்டுதான் வந்திருந்தார். ஓரத்திலிருந்து பாய்ந்து குவாட்டர்பேக்குகளைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தடுக்க அணிகள் வழக்கமாக நிறுத்திய ரன்னிங் பேக் எடையில் பத்தாது. ஜயன்ட்ஸின் அடுக்கில் கார்டு என்ற முன்வரிசைக்காரருக்கு நேர் எதிரே ஆள் கிடையாது என்பதைக் கவனித்த வால்ஷ், ஜான் அயர்ஸ் என்ற கார்டைப் பின்வாங்கச் செய்து டெய்லர் வரும் வழியில் நிறுத்தினார். 38-24 வெற்றி.

25 நகர்வுப் பட்டியலுக்கு வருகிறேன். அது வரிசை பிசகாமல் ஓடும் என்பது பரவலான தவறு. மூன்றாவது டவுனில் 12 யார்டு தேவைப்பட்டால் பட்டியலை விட்டு விலகி, அதற்கென்று தயாரித்த வேறு பட்டியலிலிருந்து எடுப்பார். பிறகு திரும்பி வருவார். எதிரணி என்ன செய்யும் என்று தெரியாததுதான் பட்டியலுக்கே காரணம். ஆட்கள் நிற்கும் அமைப்பை மாற்றி மாற்றிக் காட்டி, தடுப்பு எப்படி நகர்கிறது என்று முதல் கால்மணியில் குறித்துக்கொள்வார், அறுவடை பிற்பாதியில். 80,000 பேர் கத்தும்போது மூளை வேலை செய்யாது, வாரநடுவில் அறையில் உட்கார்ந்து முடிவெடுப்பது மேல் என்பதும் அவர் கட்சி. ஆட்டக்காரர்கள் முந்தின இரவே பட்டியலைத் தெரிந்துகொண்டு படுப்பார்கள்.

இந்த ஆளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேலை தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் கிடைத்தபோது வயது 47. 1976 தொடக்கத்தில் பிரவுன் ஓய்வுபெற்றபோது எட்டு ஆண்டு கூடவே இருந்த வால்ஷை விட்டு பில் ஜான்சனுக்குக் கொடுத்தார். சான் டியேகோவில் ஓராண்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு, அப்புறம்தான் சான் ஃபிரான்சிஸ்கோ. அங்கே வென்ற மூன்று சூப்பர் பவுலில் இரண்டு சின்சினாட்டிக்கு எதிராக: 26-21, 20-16. மேதை என்ற சொல்லை நீங்கள் எடுத்துவிட்டாலும் எனக்கு மறுப்பில்லை. 1982இல் சாம்பியன் அணி 3-6 என்று சரிந்ததும் அவர் கீழேதான்.

அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு குவாட்டர்பேக்கின் கால்களை எண்ணிப் பாருங்கள். இப்போது பெரும்பாலும் ஷாட்கன்னில், ஏற்கெனவே ஐந்து யார்டு பின்னால் நின்றுதான் தொடங்குகிறார்கள். ஆகவே ஐந்து என்பது மூன்றாகவும், மூன்று என்பது ஒன்றாகவும் தெரியும்.